செக்கிங் டேபிளில் நின்ற மூன்றாவது குப்பி

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது இது. வாக்கியம் எங்கே முடிய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பெயர் மறந்துபோகும். நடந்தது முன்னே பின்னே மாறிவிடும். போன வாரம், நான் பனியன் கம்பெனியில் சேர்ந்தது மழைக்காலம் என்று எழுதிவிட்டேன். ராஜாமணி உடனே போன் போட்டாள். "ஏனக்கா, அன்னைக்கு வெயில்ல எனக்கு மயக்கமே வந்துருச்சு. மழையாமா மழை!" என்றாள். நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் எழுதப்போவதில் மட்டும் எனக்கு மறதி இல்லை. மறந்துபோனால் தேவலை என்று நானே பல நாள் நினைத்த சங்கதி இது.

டியூப் லைட்டுக்கு நேரே ஒரு கண்ணாடிக் குப்பி. சுண்டுவிரல் உயரம். உள்ளே, பாலில் செண்டுமல்லி இதழை நசுக்கிக் கலக்கிய மாதிரி ஒரு மஞ்சள். நான் அதை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருட்டுகிறேன். ஜெனரேட்டர் சத்தத்தில் மேஜை அதிர்கிறது. குப்பியின் வெளியே குளிர் வேர்த்து, ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுகிறது.

இப்போது நினைத்தாலும் அந்த மணிக்கட்டு சில்லென்று ஆகிறது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் கை

செக்கிங் வேலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தைத்து வந்த பனியனைத் தோளில் பிடித்து லைட்டுக்கு நேரே தூக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து, அடிமடிப்பு. ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் ஷேடு, அதாவது நிறச்சாயல், மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். பழுது கண்ட இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் இதையே செய்தால் கை நாம் சொன்னபடி கேட்காது. கடையில் தக்காளி வாங்கினால் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பேன். பஸ் டிக்கெட்டைப் பிடிப்பேன். பூங்கொடியைப் பெண் பார்க்க ஒரு வீட்டார் வந்தபோது, அவர்கள் கொடுத்த மாப்பிள்ளை போட்டோவை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டேன். "ஓட்டை எதாச்சும் இருக்குதாக்கா?" என்று ராஜாமணி எல்லார் முன்னாலும் கேட்டுத் தொலைத்தாள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

பூங்கொடி என் ஒரே மகள். அவள் எட்டாவது படிக்கும்போது அவளுடைய அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு நானும் அவளும்தான். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீடு. அவள் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

இண்டர்லாக் துணி

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம் நான், "பூவுல இருக்கற மஞ்சளப் பத்திங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஒருநாள் அவளே உட்காரவைத்துச் சொன்னாள்.

நம் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன அறைகளாம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு தோல். அந்தத் தோல் கொழுப்பால் ஆனது, அதுவும் இரண்டு அடுக்காக.

"இண்டர்லாக் துணியாட்டவா?" என்று கேட்டேன். இண்டர்லாக் என்பது முன்னும் பின்னும் இரண்டு முகமாகப் பின்னிய துணி. ஒரே முகமாகப் பின்னிய சிங்கிள் ஜெர்சி மாதிரி ஓரம் சுருளாது.

"ஆமாம்மா. அதேதான்" என்றாள். பிறகு மளமளவென்று சொன்னாள். செண்டுமல்லியிலும் கேரட்டிலும் மக்காச்சோளத்திலும் இருக்கிற மஞ்சள் சாயங்களுக்குக் கரோட்டினாய்டு என்று பெயர். கேரட்டால் வந்த பெயராம். செண்டுமல்லி மஞ்சளுக்கு இரண்டு முனையிலும் தண்ணீரைத் தேடுகிற ஒரு முடிச்சு உண்டு. தண்ணீர் அந்தத் தோலுக்கு வெளியேயும் உள்ளேயும்தானே இருக்கிறது? அதனால் அந்தச் சாயம் ஒரு முடிச்சை இந்த முகத்திலும் இன்னொரு முடிச்சை அந்த முகத்திலும் வைத்துக்கொண்டு, இரண்டு அடுக்குக்கும் குறுக்கே ஊடுருவி நிற்கும். தையல் போட்ட மாதிரி. தோல் இறுகும். கண்டதையும் உள்ளே விடாது. கேரட்டுச் சாயத்துக்கு அந்த முடிச்சு கிடையாது. அது பிசிறு நூல் மாதிரி நடுவிலே எப்படி வேண்டுமானாலும் கிடக்கும், அவ்வளவாக இறுக்காது.

"இறுக்கிப் புடிச்சா நல்லதா கண்ணு?" என்று கேட்டேன். ரொம்ப இறுகின துணி போட்டால் மூச்சு முட்டுமே.

"அதத்தாம்மா அளக்கறோம். எங்க எவ்வளவு வேணுமோ அவ்வளவு. உங் கண்ணுக்குள்ளகூட இந்த மஞ்சள் ஒரு பொட்டாட்ட இருக்குது."

அன்றைக்கு எனக்கு ஒரே பயம். அந்த நாட்களில் எனக்குச் சாயங்காலமானால் கரு நீலத் துணியில் ஓட்டை தெரிவது குறைந்திருந்தது. செக்கிங்காரிக்குக் கண் போனால் என்ன மிச்சம்? யாரிடமும் சொல்லவில்லை. என் பொட்டு எவ்வளவு இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு மறுநாளே பரங்கிக்காய் வாங்கினேன்.

சேவூரில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவிநாசித் தேருக்குச் செண்டுமல்லி பறிக்கக் கூட்டிப்போவார்கள். ஒரு வாரத்துக்கு விரல் நகத்தில் மஞ்சள் போகாது. சோறு தின்றாலும் அந்தக் காட்டமான வாசம். பறித்த விரலுக்கு அப்போது தெரியுமா, பின்னால் அது மகளுடைய படிப்பாகும் என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு அடுக்குத் தோலை அவளே குப்பிக்குள் செய்து பார்ப்பாள்; அதற்கான கொழுப்பைக் கோழிமுட்டை மஞ்சள்கருவில் இருந்துதான் எடுப்பாளாம். முதலில் அதில் இருக்கிற மஞ்சளை நீக்கிவிட்டு, பிறகு செண்டுமல்லி மஞ்சளைச் சேர்ப்பாள். "இருக்கறத எடுத்துப்போட்டு மறுபடியும் போடறதா? இதுக்கா பெரிய படிப்பு?" என்றேன். "எவ்வளவு போட்டோம்னு தெரியணுமில்லம்மா" என்றாள். அது சரிதான் என்று பட்டது.

ஜெனரேட்டர் இருக்கும் இடம்

அவள் ஆறு குப்பி தயார் செய்திருந்தாள். ஆறிலும் ஒரே அளவு கொழுப்பு, ஒரே அளவு மஞ்சள். ஆறும் ஒரே மாதிரி வந்தால்தான் நம்புவார்களாம். அளக்கும் மெஷின் வேறொரு காலேஜில் இருந்தது. திங்கட்கிழமை இவளுடைய முறை. அதை விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான். ஆனால் ஆராய்ச்சியை எழுதிக் கொடுக்க இவளுக்கு இருந்த கெடு அந்த மாதத்தோடு சரி.

அந்தச் சனி ஞாயிறு பார்த்து காலேஜில் டிரான்ஸ்பார்மர் வேலை, கரண்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரிலும் கரண்ட் எப்போது வரும், போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். ஜெனரேட்டர் இருந்த இடம் என்றால் பனியன் கம்பெனிதான். எங்கள் கம்பெனியில் சேம்பிள் ரூமில் ஒரு சின்ன ஃபிரிட்ஜும் இருந்தது, வெளிநாட்டுப் பார்ட்டி வந்தால் கூல்டிரிங்க்ஸ் கொடுக்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐஸ் போட்ட டப்பாவோடு வந்தாள். ஒவ்வொரு குப்பியையும் கறுப்புத் தாளில் சுற்றி, மேலே வெள்ளித் தாள் சுற்றி, மூடியில் நம்பர் எழுதியிருந்தாள்.

"அம்மா, ரெண்டே விசயம். குளிர் போகக் கூடாது. வெளிச்சம் படக் கூடாது. வெளிச்சம் பட்டா அந்த மஞ்சள் ஒடஞ்சு போயிரும்."

"சரி சாமி" என்றேன். குளிர்தான் மனதில் பதிந்தது. ஐஸ் கரைவதைக் கண்ணால் பார்க்கலாம் அல்லவா?

செக்கிங் சூப்பர்வைசர் செல்வின், நாசரேத்துப் பக்கத்துத் தம்பி. ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா இது, மருந்தா?"

"இல்லீங்க தம்பி. பாப்பாவோட படிப்புங்க."

"படிப்பக் கொண்டாந்து ஃபிரிட்ஜில வைக்கிய ஆள இப்பத்தாம்மா பாக்கேன்" என்று சிரித்துவிட்டு, கீழ்த்தட்டைக் காட்டினான்.

சனிக்கிழமை டீ நேரத்துக்கு எட்டிப் பார்த்தால், யாரோ கூல்டிரிங்க்ஸ் அடுக்குவதற்காக என் டப்பாவை எடுத்துத் தரையில் வைத்திருந்தார்கள். குப்பிகளை எடுத்து உள்ளே வைத்தேன். மூன்றாவது குப்பியின் தாள் மட்டும் நனைந்து கிழிந்திருந்தது. கசிகிறதோ, கண்ணாடி கீறியிருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். அதைக் கையில் மூடிக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். ஈரத் தாளை உரித்தேன்.

கை தானாக லைட்டுக்குத் தூக்கியது.

உருட்டிப் பார்த்தேன். கீறல் இல்லை, கசிவும் இல்லை. வெறும் குளிர் வேர்வைதான். அப்பாடா என்று மூச்சு விடும்போது செல்வின் நாலு பண்டலைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான். "சின்னப் பிள்ளைய பனியன் ஆர்டரும்மா, லாரி நிக்கி. சாப்பாட்டுக்கு முன்ன முடிச்சிருங்க."

குப்பியை மேஜை ஓரத்தில், லைட்டுக்கு நேர் கீழே நிறுத்தினேன். ஒரு பண்டல் முடித்துவிட்டுச் சுற்றிவைக்கலாம் என்று. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அடுத்து நான் குப்பியைப் பார்த்தது சாப்பாட்டு மணி அடித்த பிறகு.

ஷேடு இறங்கியிருந்தது.

எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செண்டுமல்லியாக இருந்தது, எலுமிச்சைத் தோல் மாதிரி வெளுத்திருந்தது. பழைய கறுப்புத் தாளைத் துடைத்துச் சுற்றி, டீக்கடைப் பொட்டலத்து வெள்ளித் தாளை மேலே சுற்றி, அதே இடத்தில் வைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. "என்னக்கா, பேயறஞ்ச மாதிரி?" என்றாள் ராஜாமணி. தலைவலி என்றேன்.

பொய்யா என்று கேட்டது

திங்கட்கிழமை காலை பூங்கொடி டப்பாவை வாங்கிக்கொண்டு மெஷின் இருந்த காலேஜுக்குப் போனாள். அந்த மெஷின் துணியை இழுத்துப் பார்க்கிற மாதிரி எதையும் இழுக்காது. மின்னுகிற பொருள் ஒன்றை அந்தத் தோலுக்குள் விட்டு, அது எவ்வளவு தாராளமாகத் திரும்புகிறது என்று பார்க்குமாம். காலை எட்டரை மணிக் கம்பெனி பஸ்ஸில் நிற்கிறவள் திரும்ப முடியாது. பத்து மணி பஸ்ஸில் நன்றாகத் திரும்பலாம். அதைப் போல. ஐந்து குப்பியில் எட்டரை மணி பஸ். மூன்றாவதில் பத்து மணி பஸ்.

செவ்வாய்க்கிழமை பூங்கொடி வீட்டுக்கு வந்தபோது முகத்தில் களையே இல்லை. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மேடம் அவளைக் கேட்டாராம். "அஞ்சு ஒரு மாதிரி, ஒண்ணு வேற மாதிரி. ஆறுலயும் ஒரே அளவு மஞ்சள்னு நோட்டுல எழுதியிருக்க. பாட்டிலப் பாத்தாலே கம்மியா இருக்கு. நோட்டு பொய்யா, பாட்டில் பொய்யா? இந்த ஒண்ணுக்குக் காரணம் தெரியாம மத்த அஞ்சை நான் எப்படி நம்பறது?"

"நாந்தாம்மா கொறச்சலாப் போட்டுட்டு, பழக்கதோசத்துல எழுதிட்டேன் போல" என்றாள். "ஆறுமே அப்படித்தான் செஞ்சனோ என்னமோ. எனக்கே எம்மேல நம்பிக்கை போச்சு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், கரைத்துக்கொண்டே இருந்தேன். படிக்காதவள் கையில் கொடுத்தது தப்பு என்று அவள் நினைத்துவிடுவாளோ என்ற பயம். அப்படி நினைக்கிறவள் இல்லை அவள். இருந்தாலும் பயம்.

இரண்டு நாள் போயிற்று. அந்த இரண்டு நாளில் நான் இரண்டு ஓட்டைப் பனியன்களை விட்டுவிட்டேன். செல்வின் திருப்பிக் கொண்டுவந்து காட்டினான்.

வியாழக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நான் கம்பெனிக்கு, அவள் காலேஜுக்கு. பையில் இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு உள்ளே வைத்தாள். என்னவென்று கேட்டேன்.

"லெட்டர். ஆராய்ச்சிய விட்டுர்றேன்னு. மேடம்கிட்டக் குடுக்கப் போறேன்."

கோயமுத்தூர் பஸ் திரும்பி வருவது தெரிந்தது.

"கண்ணு, மூணாவது பாட்டல நாந்தான் லைட்டுல வெச்சுப்போட்டேன்."

"என்னம்மா?"

"கசியுதோன்னு லைட்டுல புடிச்சுப் பாத்தேன். அப்பறம் மேசை மேலயே வெச்சுப்போட்டேன். நாலு பண்டல் நேரம். நீ அளவு தப்பாப் போடல சாமி."

அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். "இதச் சொல்றதுக்கு அஞ்சு நாளாம்மா?" என்று மட்டும் கேட்டாள். பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். திரும்பிப் பார்த்து, "நீயும் ஏறு" என்றாள். கழுத்தில் கம்பெனி கார்டோடு ஏறிவிட்டேன். டிக்கெட் எடுத்தது கூட அவள்தான்.

போதுங்க

மேடம் என்னை விடச் சின்னவர். நான் நாற்காலியில் உட்காரவில்லை. சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராஜாமணியைத் தவிர வெளியாள் ஒருவரிடம் ஐந்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிப் பழக்கமில்லாதவள் நான்.

"எவ்வளவு நேரம் வெளிச்சத்துல இருந்துச்சும்மா?"

"நாலு பண்டலுங்க."

"அப்படின்னா?"

"டீ மணிக்கப்பறம்... சாப்பாட்டு மணி வரைக்குங்க. சரியா மணி பாக்கலீங்க. லைட்டு இத்தன ஒசரத்துல தொங்குமுங்க." கையை என் நெற்றிக்கு மேலே வைத்துக் காட்டினேன்.

மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "நீங்க சொல்றத நம்பறேன். ஆனா நம்பறது போதாது. வெளிச்சத்தாலயா, குளிர் போனதாலயான்னு தெரியணும். மறுபடி செஞ்சு பாப்போம்" என்றார்.

நல்ல குப்பி ஒன்றைத் திறந்து இரண்டாகப் பிரித்தார்கள். என்னால் இன்னொரு குப்பியும் போகிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பாதியைக் கறுப்புத் தாளில் சுற்றினார்கள். இன்னொரு பாதியை அப்படியே விட்டார்கள். இரண்டையும் ஒரே மேஜையில், ஒரே டியூப் லைட்டுக்குக் கீழே, நான் காட்டிய உயரத்தில் வைத்தார்கள்.

"எப்ப எடுக்கறது? இங்க லைட் வேற, கம்பெனி லைட் வேற. நேரத்த வெச்சு மட்டும் சொல்ல முடியாது" என்று மேடம் பூங்கொடியிடம் கேட்டார்.

பழைய மூன்றாவது குப்பி ஐஸ் டப்பாவில் இருப்பதை நான் பார்த்தேன்.

"ஏனுங்க... ஷேடு சேர்றப்ப எடுத்தாப் போதுங்களா?"

இருவரும் திரும்பினார்கள்.

"அந்த மூணாவதோட ஷேடு எனக்குத் தெரியுமுங்க. அதே ஷேடு வர்றப்பச் சொல்றனுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. நீங்களே பாருங்க."

உட்கார்ந்தேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், வெயில் கலந்தால் ஷேடு ஏமாற்றும். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வைக்கச் சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியம். யாருக்கு யார் வேலை சொன்னது!

என் கண் அன்றைக்கு இருந்த இருப்பில் எனக்கே நம்பிக்கை இல்லை. ஒரு தடவை சேர்ந்துவிட்டது போலிருந்தது. கண்ணை மூடித் திறந்தேன். இல்லை, இன்னும் ஒரு சாயல் கூடுதல். பூங்கொடி என் தோள் மேல் கை வைத்திருந்தாள். பழைய குப்பியை ஒரு கணம் எடுத்துப் பக்கத்தில் காட்டுவாள், உடனே மூடிவிடுவாள். செண்டுமல்லி மெல்ல மெல்ல இறங்கியது. சாப்பாட்டு நேரமும் தாண்டிப் போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை.

"போதுங்க" என்றேன்.

தாளில் சுற்றிய பாதியைத் திறந்தார்கள். அதன் நிறம் இறங்கவே இல்லை.

அதற்கப்புறம் மெஷின்காரர்களிடம் மேடமே போனில் கெஞ்சி, மறுநாள் ஒரு மணி நேரம் வாங்கினார். அந்த நாள் முழுக்கக் கம்பெனியில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாயங்காலம் செல்வின் தன் செல்போனை நீட்டினான். "ஏம்மா, ஒங்க படிப்பு பேசுது."

"அம்மா" என்றாள் பூங்கொடி. சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஜெனரேட்டருக்கு அந்தப்பக்கம் ஓடினேன். "ரெண்டும் ஒண்ணாயிருச்சும்மா. நீ எடுக்கச் சொன்ன பாட்டலும் மூணாவது பாட்டலும் ஒரே நம்பர். சுத்தி வெச்சது மத்ததுக கூடச் சேந்துருச்சு. நா தப்பா எழுதல. நோட்டு பொய்யில்ல."

எனக்கு வந்தது ஒரே கேள்விதான். "அந்த லெட்டர் என்னாச்சு கண்ணு?"

"பையிலயே நாலா மடிச்சுக் கெடக்குது. அதுல உனக்குக் காபித்தூள் மடிச்சுட்டு வர்றேன்" என்றாள்.

கெடு தாண்டவில்லை. எழுதிக் கொடுத்த புத்தகம் இப்போது என் பீரோவில் இருக்கிறது. எல்லாம் இங்கிலீஷ். ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தந்திருக்கிறாள். வெளிச்சம் பட்டதைப் பற்றிய வரி அது என்றாள். அதில் என் பெயர் கிடையாது, கம்பெனி பெயரும் கிடையாது. எனக்கு அதுதான் நிம்மதி.

அந்த மஞ்சளைப் பற்றி, இரண்டு முனை முடிச்சைப் பற்றி, இண்டர்லாக்கைப் பற்றி நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். பூங்கொடி வெளியூரில் வேலையாக இருக்கிறாள், கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூச்சமாக இருக்கிறது. இந்த விஷயத்தைப் படித்தவர்கள் யாராவது இதை வெளிச்சத்தில் பிடித்து ஒருதரம் பார்த்துவிடுங்கள். ஓட்டை தெரிகிற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டி அனுப்பினால் போதும். திருத்திக்கொள்கிறேன்.